வாரேன் என்று சொன்ன முள்ளெலி

செம்மணல் தேரிக்காட்டில் உருண்டையன் என்று ஒரு முள்ளெலி இருந்தது. அதற்கு உடம்பு சின்னது, கேள்வி பெரியது.

ஒரு நாள் மேற்கிலிருந்து ஒரு நாரை வந்தது. "எங்கள் நாட்டில் சூரியன் தினமும் கடலுக்குள் விழும்" என்றது. அவ்வளவுதான்! உருண்டையனுக்கு அன்று கரையான்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"அம்புட்டுச் சூடான சாமான் தண்ணியில விழுந்தா 'சுர்ர்'னு சத்தம் வரணும்லா! அதைக் கேக்கணுமே!"

"ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்று தேரிக்காடே சிரித்தது. உருண்டையன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னந்தனியாக மேற்கே நடந்தது. மலையேறி இறங்கினால் வேறு நாடு. மண் கறுப்பாக இருந்தது. எறும்புகள் மரத்தில் இலையைத் தைத்து வீடு கட்டியிருந்தன. ஒரு மரத்தடியில், மேலெல்லாம் முள்ளாக, ஒருவர் பெரிய உடம்போடு படுத்திருந்தார்.

"பெரியப்பா, சௌக்கியமா?" என்று கும்பிட்டது முள்ளெலி. அது பலாப்பழம். பதில் வரவில்லை.

"இந்த நாட்டுச் சொந்தக்காரங்களுக்குத் திமிர் ஜாஸ்தி!" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தது.

அடுத்து ஓர் ஆறு வழியை மறித்தது. அதில் ஓர் ஆமை மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்றது உருண்டையன். தேரிக்காட்டில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை.

ஆமை நன்றாக யோசித்தது. "காலையில் இரண்டு நத்தை. பிறகு கொஞ்சம் பாசி. மூன்றாவது நத்தை ஓடிவிட்டது. ஏன் கேட்கிறாய்? பசிக்கிறதா?"

"சும்மா கேட்டேன்!"

"சும்மா எதற்குக் கேட்க வேண்டும்?" என்று ஆமை வியந்தது. அந்த நாட்டில் யாரும் ஒரு சொல்லைச் சும்மா சொல்வதில்லை.

ஆமை முள்ளெலியை முதுகில் ஏற்றி அக்கரையில் விட்டது.

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி! வாரேன்!"

தேரிக்காட்டில் 'போறேன்' என்று சொன்னால் அபசகுனம். திரும்பி வராதவர்களும் 'வாரேன்' என்றுதான் கிளம்புவார்கள். உருண்டையனும் வேறு வழியாக, கடலோரமாகச் சுற்றி ஊர் போகத்தான் திட்டம் போட்டிருந்தது.

"சரி, இங்கேயே இருக்கிறேன்" என்றது ஆமை. முள்ளெலி அதைக் கவனிக்கவில்லை.

எட்டு நாள் நடந்தது. கடலின் இரைச்சல் கேட்டது! இடையில் ஒரே ஒரு மணல்மேடு. முள்ளெலியின் காலுக்கு அது ஒரு நாள் ஏற்றம். நாளை மாலை சத்தத்தைக் கேட்டுவிடலாம் என்று துள்ளியது. அப்போது அந்தப் பழைய நாரை வந்து இறங்கியது.

"ஆமையிடம் வருகிறேன் என்றது நீதானா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஆறு வற்றுகிறது! மற்ற ஆமைகள் மேலே, தண்ணீர் வற்றாத பெரிய மடுவுக்குப் போய்விட்டன. அது மட்டும் உனக்காக நிற்கிறது. தண்ணீர் இன்னும் எட்டு நாள் தாங்கும். கரையில் நரி நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது."

"ஐயையோ! அது நாங்க விடைபெறும்போது சொல்ற வார்த்தைல்லா! நான் வரமாட்டேன்னு நீ போய்ச் சொல்லிரு!"

"நீ வரமாட்டாய் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். 'வருகிறேன் என்ற வாயே வரமாட்டேன் என்று சொல்லட்டும்' என்கிறது."

உருண்டையன் மணல்மேட்டைப் பார்த்தது. அந்தப் பக்கம் சூரியன் விழுந்துகொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. அலைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே திரும்பி நடந்தது.

எட்டாம் நாள் ஆற்றில் வெறும் சேறுதான் இருந்தது. நரி ஆமை ஓட்டின் மேல் ஒரு காலை வைத்துவிட்டது! உருண்டையன் சுருண்டது. சரிவில் உருண்டது. நேராக நரியின் மூக்கில் போய் மோதியது.

"ஐயோ! பலாப்பழம் உருண்டு வந்து கடிக்கிறதே!" என்று அலறிய நரி, காட்டைத் தாண்டி ஓடியது.

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "வந்துவிட்டாயா!"

"நீங்க ஏன் போகாம இருந்தீங்க அண்ணாச்சி?"

"நீ வருகிறேன் என்றாயே!"

"இல்ல, அது எங்க ஊருல..." என்று ஆரம்பித்தது முள்ளெலி. சேறு அப்பிய அந்த முகத்தைப் பார்த்ததும் மேலே பேச வெட்கமாக இருந்தது. "ஆமா, வந்துட்டேன்" என்றது.

இரண்டும் சேர்ந்து பெரிய மடுவுக்கு நடந்தன. போய்ச் சேரும்போது வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது.

"இனி மூன்று மாதம் இங்கே சூரியனையே பார்க்க முடியாது. நீ ஊருக்குத்தான் போக வேண்டும்" என்றது ஆமை. "நான் கடல்வரை போயிருக்கிறேன். சூரியன் விழும்போது சத்தம் வருமா என்று சொல்லட்டுமா? அது..."

"சொல்லாதீங்க!" உருண்டையன் காதைப் பொத்திக்கொண்டது. "மழை விட்டதும் நானே வந்து கேட்டுக்கிடுதேன்!"

"வருவாயா?"

பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். இந்தத் தடவை அதைச் சொல்வதற்கு முன் முள்ளெலி கொஞ்சம் யோசித்தது.

"வாரேன்."

மழை ஓய்ந்த மறுவாரம் கரையில் ஒரு குரல் கேட்டது. "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?"

ஆமை கடைசி நத்தைவரை சொல்லி முடித்தது. முள்ளெலி முழுவதையும் நின்று கேட்டது.

பழக்கத்தில் சொன்ன சொல்லே ஆனாலும், அதை நம்பி ஒருவர் காத்திருந்தால் அது வாக்குத்தான்.