ஓடிக்கொண்டே நின்ற லேத்து

எங்கள் கணபதி ஏரியாவில் பொய் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சென்னியப்பண்ணனை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. பொய் சொல்கிறவனுக்கு எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று உள்ளுக்குள் ஒரு உதறல் இருக்கும். அண்ணனுக்கு அது கிடையாது. மாட்டிக்கொண்ட இடத்திலிருந்துதான் அவருக்கு அடுத்த கதையே பிறக்கும்.

பம்ப் செட் கம்பெனியில் இரும்பைக் கடையும் லேத்து மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆன கையோடு, மூடிப்போன மில் ஒன்றின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பழைய லேத்தை ஏலத்தில் எடுத்துவந்து வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கிவிட்டார். ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். அதைப் பழுது பார்த்து ஓட வைப்பதுதான் இனி வாழ்க்கை என்றார். அன்றிலிருந்து சுலோச்சனாக்காவின் வெள்ளைக் கார் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனது. பேரன் பேத்தி எடுத்த வயதில் டிரைவிங் கற்று, ஆசைப்பட்டு அக்கா வாங்கிய கார். காக்காய்கள் அதன்மேல் தினமும் கோலம் போட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பொறுமை தீர்ந்தது. பழைய இரும்புக்கடை காஜா பாயைக் கூப்பிட்டுவிட்டார். அவர் குட்டியானை வண்டியை வாசலில் நிறுத்தி, உருட்டுவதற்குப் பைப்பும் கடப்பாரையுமாக இறங்கினார். தள்ளுவதற்கு ஒரு கை குறைகிறது என்று மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் என்னையும் அழைத்தார்கள்.

நாங்கள் உள்ளே போனபோது அண்ணன் லேத்தின் பெட் என்கிற நீண்ட இரும்புத் தளத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் எண்ணெய் துடைக்கும் ஒரு பிடி பஞ்சு வேஸ்ட்.

“ஏத்துங்க பாய், நான் வேண்டாங்கல. ஆனா என்னத்த ஏத்தறோம்னு தெரிஞ்சு ஏத்தோணுமில்லீங்? இது வந்தப்ப எப்படி இருந்துது தெரியுமா? துருன்னா துரு, அப்படியொரு துரு. மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்க்கத் தேய்க்கத் துருதான் வருது, லேத்தக் காணோம். எனக்கே சந்தேகமாப் போச்சு, ஏலத்துல வெறுந்துருவ எடுத்துட்டு வந்துட்டனோன்னு. அள்ளி அள்ளி வாசல்ல கொட்டுனேன். நம்ம தெருக்காரங்க பூராம் அதக் கரைச்சுத்தான் சுவத்துக்குக் காவி அடிச்சாங்க.”

“நம்ம தெருவுல காவி அடிச்ச வீடு எதுங்ணா?” என்றேன்.

“போன மழையில ஒட்டுக்காக் கரைஞ்சு போச்சு. நீ அப்ப ஊர்ல இல்ல.”

நான் ஊரில்தான் இருந்தேன். காஜா பாய் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டார். பெரிய தப்பு. அண்ணன் முன்னால் கையிலிருப்பதைக் கீழே வைத்தால் கதை கேட்கச் சம்மதம் என்று அர்த்தம்.

“துரு போனப்பறம்தான் நெசமான வேலை. இந்த பெட்டு மேடு பள்ளமா இருந்துது. நீலம் தடவி, எங்க ஒட்டுதோ அங்க மேடு, அதச் சுரண்டி எடுக்கோணும். எல்லாரும் அதுக்குச் சமதளப் பலகை வெச்சுப் பாப்பாங்க. நான் ஒரு எட்டுக்காலியப் புடிச்சேன். காலுக்கு நீலம் தொட்டு உட்டேன். அது நடந்த பாதையில எட்டுக் காலும் பதிஞ்சா அந்த எடம் சமம். ஏழுதான் பதிஞ்சிருக்குதுன்னா அங்க பள்ளம். பொழுதோட பெட்டு பூரா நடந்து சோதிச்சுக் குடுத்துரும். கம்பெனி இன்ஸ்பெக்டர் கூட அத்தன நேர்மையாப் பாத்ததில்லீங்.”

“அது நொண்டி எட்டுக்காலியா இருந்தா?” பாய் கேட்டார்.

“அப்படி ஒண்ணு வந்துது. வேலைக்கு ஆகாதுன்னு திருப்பி அனுப்பிச்சுட்டேன்.”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். எங்கள் புத்தி அங்கேதான் இருந்தது, ஆனால் அதுவும் கதை கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே அக்கா குழாய் போட்டுக் கார் கழுவும் சத்தம் வந்தது. அண்ணன் குரலை ஒரு படி தாழ்த்தினார்.

“சொரண்டி முடிச்சப்பறம் இதும்மேல ஒரு ஈ வந்து உக்காந்துது. உக்கார முடியல! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிட்டே போயிருச்சு. அதப் புடிக்க ஒரு பல்லி தாவுச்சு. அதும் சர்ர்ருனு போச்சு. பல்லிக்குப் பின்னால பூனை. கடைசியில நான் அந்தக் கோடியில ஒரு சாக்கக் கட்டி வெச்சேன். சாயங்காலம் அவுத்துப் பாத்தா ஈயி, பல்லி, பூனை மூணும் சண்டையில்லாம உக்காந்திருக்குது. பயத்துல ஒண்ணுக்கொண்ணு தொணை.”

“நீங்க இப்ப அதும்மேலதான உக்காந்திருக்கறீங்க? வழுக்கலயா?” என்றேன்.

“பழக்கம்,” என்றார் அண்ணன், கண்ணை இமைக்காமல். “உனக்கு வராது.”

பாய் இப்போது ருசி கண்டுவிட்டார். “சரிங்க, அளவு சுத்தமா வருமா?” என்று எடுத்துக்கொடுத்தார்.

“அளவா? என்ற தலைமுடி ஒண்ணப் புடுங்கி சக்கு வாயில குடுத்துக் கவ்வப் புடிச்சு, அதுல மரை போட்டேன். அதுக்குத் தோதா நட்டும் செஞ்சு மாட்டுனேன். லொட லொடன்னு ஆடலீங்.”

அண்ணனின் தலை, வெயில் பட்டால் எதிர்வீட்டுக்காரர் கண் கூசும் தலை. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“அப்ப நெறைய இருந்துதுப்பா. ஒவ்வொண்ணா சோதிச்சுத்தான் காலியாச்சு.”

குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா வரப்போகிறார் என்று தெரிந்ததும் அண்ணன் வேகம் பிடித்தார். லேத்தை முதல்முறை ஓட்டியபோது கிளம்பிய இரும்புச் சுருள் அறுபடாமல் கேட்டைத் தாண்டி, சத்தி ரோட்டில் ஏறி, பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே போனதாம். சரவணம்பட்டியில் அதில் துணி காயப்போட்டார்களாம். “கோயில்பாளையத்துல எவனோ ஒருத்தன் புடிச்சு இழுத்திருக்கறான், இங்க என்ற கையில டூலு ஆடுது! உடனே ஆப் பண்ணிட்டேன். சுவிச்சுதான் ஆப் ஆச்சு. லேத்து நிக்கல. பேரிங்கு அப்படி! அன்னிக்கு ஓட ஆரம்பிச்சது...”

இந்த இடத்தில் பாய் ஆசையாக, லேத்தில் சுற்றுகிற பாகமான சக்கின் மேல் கையை வைக்கப்போனார்.

“கைய எடுங்க பாய்!” அண்ணன் போட்ட கத்தலில் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. “ஓடிட்டிருக்குது!”

பாய் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். லேத்து பாறை மாதிரி நின்றது.

“நிக்கற மாதிரிதான் தெரியும். துளி ஆட்டமில்லாம சுத்துனா கண்ணுக்கு எப்படித் தெரியும்?”

“ஏனுங்ணா,” என்றேன், “சக்குல எட்டுக்காலி வலை கட்டியிருக்குதே. அது அறுந்திருக்கோணுமே?”

“வலையும் சேந்துதான் சுத்துது. உள்ள உக்காந்திருக்கறது யாரு? நம்ம இன்ஸ்பெக்டரு. நல்ல வேலை பாத்துச்சேன்னு குடியிருக்க எடம் குடுத்திருக்கறேன்.”

காஜா பாய் சிரித்துச் சிரித்து ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி சுலோச்சனாக்கா வாசலில் வந்து நின்றார்.

“இந்த வீட்டுக்கு வர்றது ஒத்த பேஸ் கரண்டு,” என்றார் நிதானமாக. “அந்த மோட்டாருக்கு மூணு பேஸ் வேணும். எல்லாத்தையும் கழட்டிக் கழுவிப் பூட்டி, பெயிண்ட் அடிச்சு, கடைசியில பிளக்க எடுத்துட்டு வந்தப்பத்தான் மனுசனுக்கு அது ஞாபகம் வந்துது. இது இன்னும் ஒரு சுத்துக் கூட சுத்துனதில்ல. ஏத்துங்க பாய்.”

அண்ணன் அடுத்த கதைக்குப் போகாமல் பஞ்சு வேஸ்ட்டால் பெட்டின் ஓரத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ புளுகைத் தாங்கியிருக்கிறேன். அவர் அப்படித் துடைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். “அங்குராசு, நீ மோட்டார் வேலை தெரிஞ்சவன். இவரு மாதிரி இல்ல. நீ சொல்லு, இது ஓடி நீ பாத்திருக்கறயா?”

“பாத்தனுங்க்கா.”

என் வாயா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அண்ணன் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“என்னத்தப் பாத்த?” என்று அக்கா மடக்கினார்.

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் நின்ற தோஷம். “என்ற கடையில இருந்து லைன் இழுத்து ஓட்டிப் பாத்தோமுங்க்கா. துளி ஆட்டமில்ல. ஒரு டம்ளர் பால்ல ஒறை ஊத்தி, ஓடற லேத்து மேல வெச்சுட்டு வந்தோம். தயிரு கத்தி போட்டு வெட்டறாப்புல ஒறைஞ்சிருந்துது.”

என் கடைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ரெண்டு தெரு. தவிர, என் கடைக்கு மூன்று பேஸ் வேண்டுமென்று மனுப் போட்டுக் காத்திருக்கிறேன். இது அத்தனையும் அக்காவுக்குத் தெரியும். அண்ணன் மட்டும் என்னைத் தன் வாரிசைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அக்கா கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

“அத்தன நல்ல மெசினா? அதப் போயி இரும்புக்குப் போடறதாவது! உன்கிட்ட இருக்கறது ஒரு மொபட்டு. உன்ற வீட்டு ஷெட்டு சும்மாதான கெடக்குது? பாய், வண்டிய அங்குராசு வீட்டுக்கு உடுங்க.”

“அக்கா, வீட்டுல பரிமளத்த ஒரு வார்த்த...”

“நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன். தயிர் சங்கதியும் சேத்து.”

பைப் போட்டு உருட்டி ஏற்றினோம். வழியெல்லாம் அண்ணன் குட்டியானையில் லேத்தைக் கட்டிப்பிடித்து நின்று, “மெதுவா ஓட்டுங்க பாய், ஓடற மெசினு, குதிச்சு எறங்கிரப் போகுது,” என்று கத்திக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குத்தான் வியர்த்தது.

பரிமளம் என் வீட்டுக்காரி. வாய் அதிகம் பேசமாட்டாள், அதுதான் பயமே. லேத்து இறங்குவதை வாசலில் நின்று பார்த்தாள். படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பாலில் உறை ஊற்றி, ஷெட்டுக்குக் கொண்டுபோய் லேத்தின் மேல் வைத்தாள். “ஓடட்டும், காலையில பாக்கலாம்,” என்றாள்.

மறுநாள் காபிக்கு முன்பே அண்ணன் மண்ணெண்ணெய் டப்பாவோடு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. பரிமளம் டம்ளரை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். தயிர் அசையவில்லை. கல் மாதிரி உறைந்திருந்தது.

“பாத்தயா பரிமளம்!” அண்ணன் துள்ளினார். “விடிய விடிய ஓடியிருக்குது, ஒரு சொட்டு சிந்தல!”

அவள் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள்.

“தயிர் நல்லாத்தான் இருக்குதுங்ணா. பிரிட்ஜிலயும் எடமில்ல. இனி தெனமும் இதும்மேலயே வெச்சுக்கறேன். நாளையிலிருந்து வர்றப்ப பாலு மட்டும் வாங்கிட்டு வந்துருங்க.”