புதுப் பதிப்புக்குப் பெயர் வைப்பது யார்?

கேட்பவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கு இது. வழக்காடியவர்கள் மூவரும் நல்லவர்கள், நண்பர்கள். அதனால்தான் தீர்ப்பு கொஞ்சம் கடினம்.

‘சுவடு’ என்று ஒரு மென்பொருள். நாம் எழுதும் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று குறித்துக்கொண்டு, வேண்டும்போது பழைய வடிவத்தை எடுத்துத் தரும். பலராகச் சேர்ந்து ஒரே வேலையைச் செய்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். சம்பளம் யாருக்கும் கிடையாது. ஒரே ஒரு மரியாதை உண்டு: ஒரு பதிப்பின் மிகப் பெரிய பழுதை நீக்கியவர் அந்தப் பதிப்புக்கு ஒரு மீனின் பெயரை வைக்கலாம். நெத்திலி, அயிரை, விலாங்கு என்று பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அந்த உரிமைக்காகப் பெரிய பெரிய பொறியாளர்கள்கூடக் குழந்தைகள் போல ஏங்குவார்கள்.

காயல்பட்டினத்து ஹபீப், காது கேளாத பிள்ளைகளுக்கான பாடங்களைத் தன் குழுவோடு சேர்ந்து தயாரித்துவந்தான். ஒருநாள், மற்றவர்கள் எழுதியதைச் சுவடு வழியாகத் தன் கணினிக்கு இறக்கியதும், ‘தொகுதி’ என்ற கோப்பில் காலை முதல் அவன் எழுதி, இன்னும் சுவட்டில் பதியாமல் வைத்திருந்தது அத்தனையும் போய்விட்டது. தோழி ஒருத்தியின் எழுத்து அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

காரணம் விசித்திரமானது. ‘தொ’ என்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் சில கணினிகள் சேர்த்து ஒரே குறியாகச் சேமிக்கும். சில கணினிகள் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சுவடு அவற்றை இரண்டு கோப்புகளாக எண்ணியது. ஹபீபின் கணினியோ ஒன்றாக எண்ணியது. ஆகவே ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டது.

ஹபீப் விடவில்லை. இழந்ததை மீண்டும் எழுதி முடித்த கையோடு, சுவட்டின் பழைய மாற்றங்களுக்குள் புகுந்து, பழுதில்லாத பாதியைத் தள்ளித் தள்ளித் தேடி, பழுது புகுந்த இடத்தைப் பிடித்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், பெயர்களை ஒத்துப் பார்க்கும் ஒரு படியை வேகத்துக்காக யாரோ நீக்கியிருந்தார்கள். அந்த மாற்றத்தில் இருந்த பெயர் சேலத்து மங்கையர்க்கரசி. சுவட்டை முதலில் எழுதியவர்களில் ஒருத்தி.

ஹபீப் தயங்கித்தான் தொலைபேசியில் அழைத்தான். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த மாற்றம் உங்க பேர்ல இருக்கு.”

மங்கை சிரித்துவிட்டாள். “என் கைங்கரியமா? சரி தம்பி, நான் கெடுத்ததை நானே சரி பண்றேன்.”

அன்றே, நீக்கிய படியைத் திரும்பச் சேர்த்து அனுப்பினாள். அதை ஏற்று வெளியிடும் பொறுப்பு தூத்துக்குடி டெல்பினுடையது. வழக்கமான சோதனைகளில் தேறினால் போதும், வெளியிடலாம் என்பதே விதி. எல்லாச் சோதனைகளும் தேறின. அந்தச் சனிக்கிழமை மதுரையில் நடக்கும் கூட்டத்தில் புதுப் பதிப்பை அறிமுகம் செய்வதாக அவள் வாக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் தயாராகியும் இருந்தாள். அவளுடைய முதல் மேடை அது. அவளுடைய சொந்தக் கோப்புகளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர்கள். இந்தப் பழுது அவளைத் தொட்டதே இல்லை.

ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே பெயர் இரண்டு குறி வடிவத்திலும் சேர்ந்துவிட்ட கிடங்குகள், அதாவது சுவடு காக்கும் கோப்புத் தொகுப்புகள், என்ன ஆகும்? அப்படி ஒன்றைத் தானே உருவாக்கிப் பார்த்தாள். புது நிரல் இரண்டையும் ஒன்றாக்கியது. ஒரு கோப்பு சத்தமில்லாமல் மறைந்தது.

“அக்கா, இதை வெளியிட முடியாது,” என்றாள்.

“அப்படிப்பட்ட கிடங்கு எங்கேயோ ஒண்ணு ரெண்டு இருக்கும் டெல்பின். ஒரு எச்சரிக்கை போட்டுடலாம். சனிக்கிழமை உன் பேச்சு இருக்கே!”

“பேச்சை அடுத்த வருஷம்கூடப் பேசிக்கலாம். அந்த ஒண்ணு ரெண்டு பேர் யாருன்னு நமக்குத் தெரியாதே அக்கா.”

மங்கை, “சரி, வேற வழி பாக்கறேன்,” என்றாள்.

சனிக்கிழமை டெல்பின் மேடையேறி, புதுப் பதிப்பு வரவில்லை என்றும் ஏன் வரவில்லை என்றும் உள்ளபடி சொல்லி இறங்கினாள். கைதட்டல் சுமார்தான். அடுத்த வாரம் மங்கையின் புதுத் திருத்தம் வந்தது: இரு கோப்புகள் மோதினால் சுவடு எதையும் தொடாமல் நின்று, உரியவரைக் கேட்கும். டெல்பின் தன் கிடங்கில் மீண்டும் சோதித்து வெளியிட்டாள். யாருடைய கோப்பும் போகவில்லை.

பெயர் வைக்கும் நேரம் வந்தது.

“நான் கண்டுபிடிக்கலைன்னா எதை அக்கா சரி பண்ணியிருப்பீங்க?” என்றான் ஹபீப்.

“கண்டுபிடிச்சா போதுமா? எழுதினது யாரு?” என்றாள் மங்கை.

டெல்பின் ஒன்றும் கேட்கவில்லை. குழுவில் சிலர் அவளுக்காகப் பேசினார்கள். மற்றவர்கள், “அவள் ஒரு வரிகூட எழுதவில்லையே, வேண்டாம் என்றுதானே சொன்னாள்?” என்றார்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, பெயர் வைக்கும் உரிமை இந்த மூவரில் யாருக்கு?

விடை: டெல்பினுக்கே. ஹபீபின் உழைப்பு பெரிது. ஆனால் கையைச் சுட்டுக்கொண்டவன் நெருப்பைத் தேடியது அது. மங்கையின் திறமை பெரிது. ஆனால் தான் வைத்த பழுதைத் தானே எடுத்தாள், அது அவள் கடமை. டெல்பினுக்கு இழப்பும் இல்லை, கடனும் இல்லை. விதி கேட்டதற்கு மேல் பார்த்தாள். முகம் தெரியாத ஒருவருடைய கோப்புக்காகத் தன் மேடையை விட்டுக்கொடுத்தாள். அவள் தடுத்திராவிட்டால் ஒரு பழுது போய் இன்னொரு பழுது வந்திருக்கும். பழுது நீங்கியது என்ற பேச்சே இருந்திருக்காது. இந்தத் தீர்ப்பை முதலில் சொன்னவளே மங்கைதான். ஹபீப் உடனே ஒத்துக்கொண்டான். டெல்பின் வெட்கப்பட்டு, ஊர்க் கடலின் பாரை மீனைச் சொன்னாள். ‘பாரை’ இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.