குக்குறுவானுக்கு நெத்தியில ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு

அந்தக் காலத்துல, பறவையும் அணிலும் நம்மளை மாதிரியே வாயடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல, ஒரு கம்மாக்கரையில பெரிய ஆலமரம் ஒண்ணு நின்னுச்சு. இப்ப மாதிரி செவப்புப் பழம் இல்ல அப்ப. பழுத்தாலும் வெளுத்த மஞ்சளாத்தான் இருக்கும். ஆனா ருசின்னா அப்படி ஒரு ருசி. ஒண்ணைத் தின்னா வாயி ஒம்பது கேக்கும்.

பழம் பழுக்குற மாசம் வந்தா சண்டையும் வந்துரும். "கிளையில இருக்குறது எங்களுக்கு, கீழ விழுந்தது உங்களுக்கு"ன்னு பறவைங்க சொல்லும். "கீச் கீச் கீச்! அதெப்படி? கிளை எங்க அப்பன் வீடு!"ன்னு அணிலுங்க எகிறும். இதைத் தீக்குறதுக்குன்னே வருசா வருசம் ஒரு சடுகுடு வச்சாங்க. பக்கத்துக்கு அஞ்சு பேரு. ஜெயிச்சவங்களுக்கு அந்த வருசம் கிளை, தோத்தவங்களுக்குத் தரை.

ஆட்டம் நமக்குத் தெரிஞ்ச சடுகுடுதான். நடுவுல ஒரு கோடு. ஒருத்தன் ஒரே மூச்சுல பாடிக்கிட்டே அந்தப் பக்கம் போகணும், ஆளைத் தொடணும், மூச்சு விடாம கோட்டுக்குத் திரும்பணும். தொட்ட தலைக்கு ஒண்ணு. நடுவுல பாட்டு நின்னுச்சோ, அந்தத் தடவை தொட்டதெல்லாம் வீண்.

அந்த வருசம் பறவைங்க பக்கம் பாடிப் போனவன் குக்குறுவான். ஆளு சிட்டுக்குருவியை விடக் கொஞ்சூண்டு பெருசு. தலையிலேருந்து வாலு வரைக்கும் பச்சை, இலைக்குள்ள உக்காந்தா இலையா ஆளான்னு தெரியாது. ஆனா மூச்சு இருக்கே! குக்-குக்-குக்-குக்னு ஆரம்பிச்சான்னா, நீங்க ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சு முடிச்சு, வாயைத் தொடச்சு, சொம்பைக் கவுத்தி வைக்கலாம். அவன் இன்னும் குக்-குக்னுதான் இருப்பான்.

அவன் பொண்டாட்டி அதே ஆலமரத்துல, பட்டுப்போன ஒரு கிளையில பொந்து குடைஞ்சு, மூணு முட்டை மேல உக்காந்திருந்தா. இன்னும் ரெண்டு நாள்ல பொரிச்சுரும். பொந்து வாசல்ல அவ மூஞ்சி மட்டுந்தான் தெரியும். சத்தம் கம்மாய்க்கு அந்தக் கரை வரைக்கும் கேக்கும்.

மத்த நாலு பேரு யாருன்னா, மயிலு, கிளி, காக்கா, கொண்டைக்குருவி. மயிலுதான் தலைவன். ஏன் தலைவன்னு கேட்டா, பாக்க நல்லா இருந்தான், அதான். நடுவரு ஆள்காட்டிக் குருவி. கத்துறதுக்குன்னே பொறந்தவ. "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"ன்னா செவிட்டுப் பாம்புகூடத் திரும்பிப் பாக்கும்.

ஆட்டம் காலையில ஆரம்பிச்சுச்சு. சூரியன் உச்சிக்கு வந்தா முடியணும்.

குக்குறுவான் போனான், ஒண்ணைத் தொட்டான், வந்தான். மறுபடி போனான், ரெண்டைத் தொட்டான், வந்தான். அணில் பக்கத்துலேருந்து ஒருத்தன் கீச்-கீச்-கீச்னு பாடிக்கிட்டு வந்தப்ப, நம்ம கிளி என்ன பண்ணுச்சு? அவனைப் புடிக்காம, கழுத்தைத் திருப்பி மரத்துல வேடிக்கை பாக்குறவங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டு நின்னுச்சு. "வந்துட்டான்யா வந்துட்டான்! தொடப் போறான்யா! தொட்டுட்டான்யா!"

"யாரைய்யா தொட்டான்?"

"என்னையத்தான்யா!"

கொண்டைக்குருவி அதுக்கும் மேல. ஆட்டம் ஆரம்பிச்சதும் மயிலு தோகைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. அணிலுங்களுக்கு அது ரொம்ப வசதி. வந்ததும் தோகையைத் தூக்குறது, தொடுறது, போறது. நாலு தடவை. காக்கா பாதி ஆட்டத்துல, வயல்ல களை எடுக்குறவங்க சோத்துத் தூக்கைத் தொறக்குற வாசம் வந்ததும், "இதா வந்துட்டேன்"னு போனவன்தான்.

உச்சி வெயிலு வந்துருச்சு. அணிலுங்க பன்னெண்டு, பறவைங்க பதினொண்ணு. அந்தப் பதினொண்ணும் குக்குறுவான் தொட்டது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாடிப் போக முடியும்.

மயிலு கழுத்தை நீட்டிக்கிட்டு வந்தான். "தம்பி, ஒரு ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்துரு. நான் இங்க பாத்துக்கறேன்."

"எதைண்ணே பாத்துக்குவீங்க?"

"எல்லாத்தையுந்தான்."

குக்குறுவான் மூச்சை இழுத்தான். குக்-குக்-குக்-குக்... உள்ள போனான். இடது பக்கம் ஒருத்தன், தொட்டாச்சு. வலது பக்கம் ஒருத்தன், தொட்டாச்சு. பதிமூணு! திரும்பி வந்தா ஜெயிச்சாச்சு. திரும்பினான். அப்பப் பாத்து பொந்துலேருந்து ஒரு குரல்.

"இந்தாங்க! அந்தக் குண்டச்சியையும் தொடுங்க! காலையிலேருந்து உங்களைக் குட்டையன் குட்டையன்னு சொல்லிக்கிட்டு இருக்கா!"

குண்டச்சிங்கறது அணிலுங்களோட தலைவி. குக்குறுவானுக்கும் உள்ளுக்குள்ள அது உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. திரும்பினவன் திரும்பவும் உள்ள போனான். குக்-குக்-குக்... அவ மூக்குலயே ஒரு தட்டு! தொட்டாச்சு. அவ சும்மா இருப்பாளா? வாலைப் புடிச்சா. இன்னொருத்தன் காலைப் புடிச்சான். இன்னொருத்தன் முதுகுல ஏறிட்டான். மூணு அணிலை இழுத்துக்கிட்டு, இத்தனூண்டு ஆளு, குக்-குக்-குக்-குக்னு ஊர்ந்து ஊர்ந்து வர்றான். மூச்சு நிக்கல. கோடு இன்னும் ஒரு சாண்தான்.

மயிலு பாத்தான். ஆகா, ஜெயிச்சாச்சுன்னு தோகையை விரிச்சு, கோட்டு மேலயே நின்னு ஒரு ஆட்டம் போட்டான் பாருங்க! அத்தனை புழுதியும் எழும்பி நேரா குக்குறுவான் வாயில போச்சு.

குக்-குக்-கு... க்ஹூம்!

ஒரே ஒரு இருமல். அவ்வளவுதான்.

"டிட்டிட்டீ! மூச்சு போச்சு! கிளை அணிலுக்கு!"

அணிலுங்க மரத்துல ஏறிக் குதிச்ச குதியில பழம் பொலபொலன்னு கொட்டுச்சு.

இப்பத்தான் வினையே. அந்தக் காலத்துல தோத்தவங்களுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. ஒரு கொட்டாங்கச்சி நெறயச் செம்மண்ணைக் கொழகொழன்னு கரைப்பாங்க. அதுக்குப் பேரு பழிச் செவப்பு. கொட்டாங்கச்சி காலியாகுற வரைக்கும் தோத்த பக்கத்துல ஒருத்தரும் தரையில கெடக்குற பழத்தைக்கூட வாயில வைக்கக் கூடாது. அதனால யாரால தோத்துச்சோ அவன் தலையில மொத்தமாக் கவுத்திருவாங்க. கவுத்தப்பட்டவன் அன்னைக்கே மரத்தை விட்டுப் போயிரணும், இனிமே வாயைத் தொறந்து பாடவும் கூடாது. போன வருசம் பாடிப் போன புறா மேல கவுத்தாங்க. அதுக்கு முந்தின வருசம் மைனா. எப்பவும் பாடிப் போனவன்தான். மத்த நாலு பேரு மேல ஒரு சொட்டு தெறிச்சதில்ல.

மயிலு கொட்டாங்கச்சியோட வந்துட்டான். "தம்பி, எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இருமுனது யாரு? நீதானே?"

"நீதானே! நீதானே!"ன்னுச்சு கிளி.

அந்த நேரத்துக்குச் சரியா காக்கா வந்து எறங்கினான். வாயோரத்துல சோத்துப் பருக்கை. "என்னது, தோத்துட்டோமா? நான் அப்பவே சொன்னேன், இந்தப் பயலை நம்பாதீங்கன்னு! ஊத்துங்க தலையில!"

குக்குறுவான் மேல பாத்தான். பொந்துல பொண்டாட்டி மூஞ்சி. அதுக்குக் கீழ மூணு முட்டை. இன்னைக்கு இவன் மரத்தை விட்டுப் போனா நாளைக்கழிச்சு குஞ்சுங்களுக்கு யாரு எரை கொண்டாருவா?

அழுவான்னுதான் எல்லாரும் பாத்தாங்க. அவன் நெஞ்சை நிமித்தினான்.

"அண்ணே, கொட்டாங்கச்சியைக் கீழ வைங்க. நடுவரக்கா, உங்களை ஒண்ணு கேக்கணும். வழக்கம் என்ன சொல்லுது? ஒருத்தன் தலையில கவுக்கணும்னா, காலியாகணும்னா?"

ஆள்காட்டி ஒத்தக் கால்ல நின்னு யோசிச்சா. "காலியாகணும். அவ்வளவுதான் வழக்கம். ஒருத்தன் தலையில கவுக்குறது நீங்களாப் பழகிக்கிட்டது."

"அப்பச் சரி. நான் பண்ணின தப்பு ரெண்டு." குக்குறுவான் எறக்கை நுனியைச் செவப்புல தொட்டான். "ரெண்டு பேரைத் தொட்டதும் திரும்பியிருக்கணும், ரோசத்துல மூணாவதுக்குப் போனேன். அது தலைக்கு ஏறின திமிரு." நெத்தியில ஒரு பொட்டு. "புழுதி வந்தப்ப மூச்சை அடக்கியிருக்கணும், பத்தல. அது நெஞ்சுல இருந்த கொறை." நெஞ்சுல ஒரு பட்டை. எறக்கையைத் தொடச்சுக்கிட்டான். "என் பங்கு தீந்துச்சு. மூணாவது சொட்டு எம்மேல விழாது. நான் மரத்தை விட்டும் போக மாட்டேன், பாட்டையும் விட மாட்டேன். பதினொண்ணு தொட்டப்ப அதுல பங்கு கேட்டு யாரும் வரலையே. தோத்ததை மட்டும் எதுக்கு முழுசா எனக்கே குடுக்குறீங்க?"



அப்ப பொந்துலேருந்து பொண்டாட்டி சர்ருன்னு எறங்கி வந்தா. "தள்ளுங்க, தள்ளுங்க, முட்டை ஆறிப்போகும்! மூணாவதைத் தொடுங்கன்னு கத்துனது யாரு? நானு. அந்தத் திமிருல எனக்கும் பங்கு இருக்கு." நெத்தியில ஒண்ணு வச்சா. அப்படியே நெஞ்சுலயும் ஒண்ணு வச்சா.

"ஏய், நெஞ்சுல எதுக்கு? மூச்சு விட்டது நானு" அப்படின்னான் குக்குறுவான்.

"மூணு அணிலை இழுத்துட்டு வந்த ஆம்பளைக்குப் பொண்டாட்டின்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான்!"ன்னுட்டு, விட்ட எடத்துல போய் உக்காந்துக்கிட்டா.

கிளிக்கு இப்ப இருப்புக் கொள்ளல. "நான்... வேடிக்கை பாத்தேன்"னு முனகிக்கிட்டே, கதை அடிச்ச வாயை முழுசா முக்கி எடுத்து, திருப்பின கழுத்தைச் சுத்தியும் ஒரு கோடு போட்டுக்கிச்சு. கொண்டைக்குருவி மெதுவா நடந்து வந்துச்சு. "எனக்கும் பங்கு உண்டு. இல்லைங்கல. ஆனா யாரும் பாக்காத எடத்துல வச்சுக்கறேனே?"ன்னு கேட்டு, வாலைத் தூக்கி, அடியில மட்டும் நனைச்சுக்கிட்டு ஓடிருச்சு.

"காக்கா, நீ?"ன்னா ஆள்காட்டி.

"நானா? நான் அங்க இல்லவே இல்லையே! சாப்புடத்தானே போயிருந்தேன்!"

"மயிலு?"

"ஜெயிச்ச சந்தோசத்துல ஆடினது ஒரு தப்பா? என் தோகைக்கும் செம்மண்ணுக்கும் பொருந்துமா, நீயே சொல்லு."

கொட்டாங்கச்சியில இன்னும் பாதிக்கு மேல இருந்துச்சு. ஆள்காட்டி அதைத் தூக்கிக்கிட்டுப் போய் ஆலமர வேருல ஊத்திட்டா. "யாரும் ஒத்துக்காத பழி இது. மரமே குடிக்கட்டும். டிட்டிட்டீ! காலி!"

மரம் குடிச்சுச்சு. மறுநாள் காலையில பாத்தா கிளை கிளையாப் பழம் செக்கச்செவேல்னு தொங்குது. காக்காவும் மயிலும் ஆளுக்கு முந்தி ஓடிவந்து, கீழ விழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்னாங்க. ருசியா இருக்கு ருசியா இருக்குன்னு, அவங்கவங்க பங்கை அவங்கவங்களே முழுங்கினது இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது.

அணில் தலைவி மேலேருந்து பாத்துக்கிட்டே இருந்தா. கிளையிலயே பெரிய பழமாப் பறிச்சு, "ஏ குட்டையா, இந்தா, மேல வந்து தின்னு. ஆட்டத்துக்கு முன்னாடி நாங்க அஞ்சு பேரும் கூடிப் பேசினது உன் ஒருத்தனைப் பத்தித்தான். மயிலு பேரைக்கூட எடுக்கல" அப்படின்னா.

"தோத்தவனுக்குத் தரைப் பழந்தான். கீழ போடு. விழுந்தா எடுத்துக்கறேன்"னான் குக்குறுவான்.

அவ போட்டா. இவன் எடுத்துக்கிட்டுப் பொந்துக்குப் போனான். அடுத்த நாளு மூணும் பொரிச்சு வந்துச்சு. குஞ்சுங்க நெத்தியில செவப்பு இல்ல. அவங்க இன்னும் ஒரு ஆட்டங்கூட ஆடலையே, அதுக்குள்ள எங்கேருந்து வரும்?

எரை கொடுத்து முடிச்சதும் குக்குறுவான் மரத்து உச்சியில, எல்லாரும் பாக்குற மாதிரி ஏறி உக்காந்தான். நெஞ்சுல கொறை இருந்துச்சுன்னு அவனே சொன்னான் இல்லையா, அதைச் சரி பண்ணணுமே. மூச்சை இழுத்து ஆரம்பிச்சான்.

அன்னையிலேருந்துதான், வெயிலு மண்டையைப் பொளக்குற மத்தியானத்துல மத்த பறவையெல்லாம் நெழலைத் தேடி ஓடினாலும், குக்குறுவான் மட்டும் மொட்டை உச்சியில உக்காந்து, நெத்தியிலயும் நெஞ்சுலயும் தன் பங்குச் செவப்பை ஊரே பாக்க வச்சுக்கிட்டு, குக்-குக்-குக்-குக்னு மூச்சு விடாம பாடிக்கிட்டே இருக்கான்.