பேர் இல்லாத நூறு எம்பி

குருவைவிடப் பத்தொன்பது வயது மூத்த சிஷ்யர் அவர்.

குருவின் பெயர் இசக்கியம்மாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். சிஷ்யர் வேலாண்டி, இருபது வருடம் நில அளவையரோடு சங்கிலி பிடித்து நடந்தவர். முட்டி தேய்ந்ததும் உட்கார்ந்து செய்கிற வேலை தேடி அவளிடம் வந்தார்.

அன்று அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, ஒரு லேப்டாப் முன்னால் அவர் வேர்த்துப்போய் நின்றார். திரை கறுப்பாக இருந்தது.

"என்ன அண்ணாச்சி, சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"பர்வீன் லேப்டாப் எந்திரிக்க மாட்டேங்குது டீச்சர்."

பர்வீனுக்கும் தங்கை நஸ்ரினுக்கும் அந்த ஒரே லேப்டாப்பால் தினமும் சண்டை. ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, அக்காவுக்கு விண்டோஸ், தங்கைக்கு லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். பர்வீனின் கல்லூரி ப்ராஜெக்ட் அதில்தான் இருந்தது. மறுநாள் காலை அதைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். இன்று நாலு மணிக்கு லேப்டாப்பை வாங்க வருவாள்.

"காலையில ரெண்டும் ஓடுச்சே?"

"ஓடுச்சு. அப்புறம்தான் ஒரு சின்னத் துண்டைப் பார்த்தேன். நூறு எம்பி. பேரும் இல்ல. அக்கா பங்குலயும் இல்ல, தங்கச்சி பங்குலயும் இல்ல. ஊர்ல வெட்டுக்குத்து எல்லாம் இப்படி ஒதுங்கிக் கிடக்கிற துண்டாலதான் டீச்சர். அதான் அழிச்சிட்டேன்."

"காப்பி எடுத்து வெச்சீங்களா?"

"இல்ல."

"சரி. அதுக்கு அப்புறமா திட்டுறேன்."

அவள் ஒரு பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினாள். வேலாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க அண்ணாச்சி."

திரையில் இரண்டு பெரிய பகுதிகளும் அப்படியே இருந்தன. முதலாவதைத் திறந்தாள். ப்ராஜெக்ட் இருந்தது, நூற்றுப் பன்னிரண்டு பக்கமும்.

வேலாண்டி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தார். அப்புறம் கேட்டார்.

"பெரிய இடம் ரெண்டையும் நான் தொடவே இல்லையே. பின்ன ஏன் ரெண்டுமே எந்திரிக்கல?"

"ஒரு வயலை ரெண்டு பேருக்கு அளந்து குடுக்கிறீங்க. உள்ள போற வண்டிப்பாதை யார் பங்குல வரும்?"

"யார் பங்குலயும் வராது, பொதுவா விடுவோம். அப்ப நான் அழிச்சது பாதையையா?"

"வாங்க. அந்த இடம் அங்கேயேதான் காலியாக் கிடக்கு. அழிச்ச கையே கட்டட்டும்."

அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். நூறு எம்பியை மறுபடி உண்டாக்கினார். விண்டோஸ் எழுந்திருக்க வேண்டிய கோப்புகளை அதில் வைத்தார், அதன் பக்கத்திலேயே லினக்ஸுக்கு உள்ளதையும். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். எது வேண்டும் என்று கேட்டு இரண்டு பெயர்களும் வந்து நின்றன. ஒன்றைத் திறந்து பார்த்தார். மற்றதைத் திறந்தார். மறுபடி முதலாவதற்கே போனார்.

"போதும் அண்ணாச்சி, அதுக்குத் தலை சுத்திரும்."

"இப்பத் திட்டுங்க டீச்சர்."

"முதல்ல காப்பி எடுங்க."

நாலு மணிக்கு அக்கா தங்கை இருவருமே வந்தார்கள். நடந்ததை வேலாண்டியே சொன்னார், எதையும் மறைக்கவில்லை. பர்வீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ப்ராஜெக்டைத் திறந்து கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

நஸ்ரின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த நூறு எம்பி யாருக்கு?"

"எனக்குத்தான். நான் மூத்தவ," என்றாள் பர்வீன்.

"ஆமா, எல்லாத்துக்கும் மூத்தவ. பாத்திரம் கழுவ மட்டும் நானா?"

இருவரும் வேலாண்டியைப் பார்த்தார்கள். வேலாண்டி குருவைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

"யாருக்குன்னு கேக்காத வரைக்கும் ரெண்டு பேருக்கும்."