பரவாயில்லைங்க சார்

"மேடம், எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

அர்த்தநாரி உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்ன வார்த்தை இது.

சுகந்தி மேடம் நிமிரவில்லை. ஜவ்வரிசியில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் பழைய மீட்டர் ஒன்றைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்.

"எது புரியல?"

"ஆலைக்காரங்களைத்தான் மேடம். டிரையர் எப்படிங்க இருக்குன்னு கேட்டா, பரவாயில்லைங்க சார்ங்கறாங்க. சரி, ரெண்டாவது கட்டத்துக்குக் கையெழுத்துப் போடுங்கன்னா, ஆளாளுக்கு வானத்தைப் பார்க்கறாங்க."

மேடம் ஒரு சின்னத் திருகாணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போனீங்களே, என்ன குடுத்தாங்க?"

"எதுக்கு மேடம்?"

"சாப்பிட, குடிக்க."

"பாயசம். ஜவ்வரிசிப் பாயசம்."

"எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்லை மேடம்."

"அப்புறம் என்ன? மறுபடியும் போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் குரு சின்னவர், சீடர் பெரியவர். அர்த்தநாரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதே கல்லூரியில் மெக்கானிக்கல் வாத்தியார். காலம்போன காலத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அவருக்கு வழிகாட்டியாக வந்து வாய்த்தவர், கல்லூரியின் தொழிலகக் கூட்டு ஆராய்ச்சி மையத்துக்குத் தலைவரான சுகந்தி மேடம். வயதில் பத்து வருஷம் இளையவர். இருந்தால் என்ன, கைடு கைடுதான். கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்கிற பழக்கம் மட்டும் அந்த அம்மாவுக்குக் கிடையாது.

ஆத்தூர்ப் பக்கம் மூலைக்கு மூலை சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து, பாலெடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, கடைசியில் சிமெண்ட் களத்தில் கொட்டி வெயிலில் காயப்போடுவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மழை வந்ததோ, தொலைந்தது. களம் முழுக்கக் கஞ்சி.

அந்தக் கஞ்சியை ஒருநாள் பார்த்துவிட்டு வந்துதான் அர்த்தநாரி, வெயில் இல்லாமலே ஜவ்வரிசியைக் காயவைக்கும் டிரையர் செய்ய உட்கார்ந்தார். மூன்று வருஷ உழைப்பு. தீபாவளிக்குக்கூட மனுஷன் வீட்டில் இருந்ததில்லை. ஆலை உரிமையாளர் சங்கத்தோடு கல்லூரி ஒப்பந்தம் போட்டது. சங்கத் தலைவர் அத்தியப்பனின் ஆலையில் முதல் டிரையரை நிறுவினார்கள். இரண்டாவது கட்டத்துக்கு அத்தியப்பன் கையெழுத்துப் போட்டால் மற்ற ஆலைகளும் போடும். ஒவ்வொன்றிலும் ஒரு டிரையர் நிற்கும்.

போடாவிட்டால்?

திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. கையெழுத்து இல்லையென்றால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள். டிரையரைப் பிரித்துக் கொண்டுவந்து கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் போடுவார்கள். அங்கே ஏற்கெனவே நாலைந்து இயந்திரங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது. இன்றைக்கு அவற்றின்மேல் ஓணான் ஓடுகிறது.

போகச் சொன்னார்களே என்று மறுபடியும் போனார்.

வானம் மூட்டமாக இருந்தது. களத்தில் பெண்கள் ஜவ்வரிசியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே டிரையர். துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்து மாதிரி இருக்கிற இடத்தில் கதம்ப மாலையும் போட்டிருந்தார்கள். ஓடத்தான் இல்லை.

"வாங்க சார், வாங்க!" அத்தியப்பன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். "யாரப்பா அங்க, சார் வந்துட்டாரு. மிசினைப் போடு!"

டிரையர் ஓடியது. அர்த்தநாரி சுற்றிச் சுற்றி வந்தார். சூடு சரியாக இருந்தது. காற்று சரியாக இருந்தது. காய்ந்து விழுந்த ஜவ்வரிசி கையில் உதிரி உதிரியாக நின்றது. ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"கரண்ட் செலவு கூடுதலா வருதுங்களா?"

"அதெல்லாம் பரவாயில்லைங்க சார்."

"நிறம் ஏதாச்சும் மட்டுப்படுதா?"

"பரவாயில்லைங்க."

"ஓட்டறதுக்கு ஆளுங்க சிரமப்படறாங்களா?"

"அட, பரவாயில்லைங்க சார். இவ்ளோ தூரம் வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உட்காருங்க."

வெயிலே இல்லை. அர்த்தநாரி உட்கார்ந்தார்.

பாயசம் வந்தது. பெரிய டம்ளர், தளும்பத் தளும்ப. மேலே நெய் மிதந்தது, முந்திரி மிதந்தது.

"நம்ம ஆலைச் சரக்கு. உங்களுக்குன்னே வீட்ல சொல்லிச் செஞ்சதுங்க."

அர்த்தநாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படிங்க சார்?"

"பரவாயில்லைங்க."

அத்தியப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அப்ப அந்தக் கையெழுத்து…" என்று அர்த்தநாரி இழுத்தார்.

அத்தியப்பன் வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்குங்க. பார்க்கலாங்க சார்."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? நன்றாக இருக்கிறதென்றால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே? ஏற்கெனவே கேட்டதற்குத் துறையில் ஒருத்தர் சங்கத்துக்குள் அரசியல் என்றார். இன்னொருத்தர் மானியத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். மூன்றாமவர் கிரகம் சரியில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டிரையரில் ஜவ்வரிசி காய்ந்ததோ இல்லையோ, நம்ம ஆளுக்கு மண்டை காய்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. போன வருஷ அறிக்கையில் 'பயனாளர்கள் முழுத் திருப்தி' என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் அர்த்தநாரிதான். ஆலைக்காரர் வாயால் 'பரவாயில்லை' என்று சொன்னார், இவர் தமிழ் வாத்தியார் மாதிரி அதைத் திருத்தி எழுதிவிட்டார்.

காலையில் மேடத்தின் அறை. மீட்டர் பாதி கூடியிருந்தது.

"ஒண்ணும் குறை இல்ல மேடம். நானே பார்த்தேன். அவரும் பரவாயில்லைங்கறார். ஆனா கையெழுத்து மட்டும் வர மாட்டேங்குது."

"என்ன குடுத்தார்?"

அர்த்தநாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய மனுஷன் ஒருத்தன் வாழ்வா சாவா என்று வந்து நிற்கிறான், இந்த அம்மா சாப்பாட்டுக் கதை கேட்கிறது.

"பாயசம் மேடம்! அதே பாயசம்! மூணு வருஷமா அதே பாயசம்தான்!"

"எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்லை!"

"சத்தம் போடாதீங்க, ஸ்ப்ரிங் தெறிச்சிரும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மேடம் ஸ்ப்ரிங்கை இடுக்கியால் பிடித்து அதன் இடத்தில் உட்கார வைத்தார்.

"மேடம், ஒரே ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லுங்க. ஒண்ணு பரவாயில்லைங்கறவங்க, ரெண்டாவதை ஏன் வேண்டாங்கறாங்க?"

மேடம் முதல்தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நாளைக்கும் போங்க."

"போய்?"

"பாயசம் குடுப்பார் இல்ல? குடிச்சிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிங்க."

"அய்யய்யோ!"

அறையில் அவர் குரலே எதிரொலித்தது.

"என்ன அய்யய்யோ?"

"வேண்டாம் மேடம். ஒண்ணு உள்ள போறதே பெரும்பாடு. எனக்கு ஜவ்வரிசி சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. வழுவழுன்னு தொண்டையில நின்னுட்டு இறங்கமாட்டேன்னு அடம் பிடிக்கும். குடிச்சிட்டு வழியெல்லாம் மோர்க்கடை தேடுவேன்."

"பரவாயில்லைன்னீங்க?"

"அது… அவர் மூஞ்சியைப் பார்த்துட்டு வேற என்ன சொல்றது மேடம்? மனுஷன் ஆசை ஆசையா செஞ்சு கொண்டாந்து குடுக்கறார். எப்படி இருக்குன்னு வேற பக்கத்துலயே நின்னு கேட்கறார். மூஞ்சிக்கு நேரா எப்படி…"

வாய் பாதியில் நின்றது.

மேடம் மீட்டரின் மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு டிரையரின் மாலை ஞாபகம் வந்தது. சந்தனம், குங்குமம், மிசினைப் போடு என்ற அவசரக் குரல். முகம் வெளிறிப்போயிற்று.

"மேடம்…"

"அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஆலைக்குப் போனார். கையெழுத்துக் கேட்கவில்லை. டிரையர் பக்கமே போகவில்லை. மிசினைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்த அத்தியப்பனையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாயசம் வந்தது. இன்றைக்கு முந்திரி கூடுதல்.

"குடிங்க சார்."

அர்த்தநாரி டம்ளரை எடுத்தார். பார்த்தார். திரும்பக் கீழே வைத்தார்.

"அத்தியப்பன், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க சார்."

"எனக்கு இது பிடிக்காதுங்க."

அத்தியப்பனுக்கு விளங்கவில்லை. "சர்க்கரை கூடிப்போச்சுங்களா?"

"இல்லீங்க. ஜவ்வரிசியே பிடிக்காது. என்னைக்குமே பிடிச்சதில்ல."

சேகோ ஆலையில் உட்கார்ந்துகொண்டு, சேகோ ஆராய்ச்சிக்காரர், ஆலை முதலாளி முகத்தைப் பார்த்து இதைச் சொல்கிறார். களத்தில் கிளறிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தியப்பனின் முகம் சுருங்கியது. இருந்த ஒரு உறவும் போச்சு, திங்கட்கிழமை டிரையருக்குத் தகரக் கொட்டகைதான் என்று அர்த்தநாரி நினைத்தார்.

"மூணு வருசமாவா சார்?"

"மூணு வருஷமா."

"வர்றப்பல்லாம் பரவாயில்லைன்னீங்களே!"

அர்த்தநாரி டம்ளரை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

அத்தியப்பன் அதை எடுத்துத் தானே குடித்தார். மீசையைத் துண்டால் துடைத்தார். மாலை போட்டு நின்ற டிரையரை ஒரு பார்வை, அர்த்தநாரியை ஒரு பார்வை. பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிரட்டுங்களா சார்? கோவிச்சுக்கக் கூடாது."