கீரியும் நின்றுபோன இன்ஜினும்

ஆற்றோரமாய் இருந்த ஒரு காட்டில் ஒரு கீரி விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தது. குழந்தைகளே, அந்தக் கீரிக்கு ஒரு நொடிகூடச் சும்மா இருக்கத் தெரியாது. வாயும் ஓயாது, கையும் ஓயாது.

அன்று அது குட்டிப் பயிற்சி விமானத்தில் கிளம்பியது. பக்கத்து இருக்கையில், கூடவே விமானம் ஓட்டப் பழகும் தேவாங்கு. அது பெரிய கண்களை உருட்டிக்கொண்டு எதையும் மெதுவாகவே செய்யும். கீழே ஓடுபாதையைச் சுற்றிக் காடே வேடிக்கை பார்த்தது.

மரங்களைத் தாண்டி ஏறியதுதான் தாமதம், இன்ஜின் இருமியது. அப்புறம் நின்றேபோனது. கீரி பதறிப்போய்க் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தது.

அதற்குள் ரேடியோவில் மயிலின் குரல். கீழே கோபுரத்தில் இருந்து விமானங்களோடு பேசுவது மயில்தான்.

"கீரி, என்ன ஆச்சு? சத்தமே இல்லையே?"

"இன்ஜின் நின்னுபோச்சு, மயில் அக்கா! ஆனா எனக்குப் பயமெல்லாம் இல்லை! இதோ திரும்பி ஓடுபாதைக்கே வர்றேன்! எல்லாரையும் அங்கேயே இருக்கச் சொல்லுங்க!"

ஒரு கையில் மைக், மறு கையில் விமானத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கீரி பேசப் பேசக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வேகம் குறைந்தது. இறக்கைகள் வெடவெடவென்று நடுங்கின.

"மூக்கை இறக்கு," என்றது தேவாங்கு.

"உனக்கென்ன பைத்தியமா? கீழே போய்க்கிட்டிருக்கோம், இன்னும் இறக்கச் சொல்றியே!"

"வேகம் போனா கல்லு மாதிரி விழுவோம். இறக்கினா மிதந்து போகலாம். திரும்பறதுக்கு உயரம் பத்தாது. எதிரே அறுத்த சோளக்கொல்லை இருக்கு, பார்."

"சோளக்கொல்லையிலயா? எல்லாரும் சிரிப்பாங்களே!"

"உயிரோட இருந்தாத்தானே அந்தச் சிரிப்பு உன் காதுல விழும்?"

விமானம் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. கீரி சட்டென்று மைக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியை முன்னால் தள்ளியது. நடுக்கம் நின்றது. விமானம் நிமிர்ந்து, சோளக்கொல்லையைப் பார்த்து வழுக்கிக்கொண்டு போனது.

"கீரி! எங்கே போறே? பதில் சொல்லு!" என்று ரேடியோ கத்தியது.

கீரிக்கு நாக்கு துறுதுறுத்தது. என்றாலும் அது மைக்கைத் தொடவில்லை.

விமானம் தடதடவென்று கொல்லையில் இறங்கி, வரப்பில் முட்டி நின்றது. ஒரு சக்கரம் கழன்று ஓடியது. இருவருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை.

அப்புறம்தான் கீரி மைக்கை எடுத்தது.

"இப்பச் சொல்லுங்க, அக்கா. என்ன கேட்டீங்க?"

நீதி: ஆபத்து வந்தால் முதலில் உயிரைக் காக்கும் வேலையைப் பார், ஊருக்குப் பதில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.