நாலு கட்டத்தில் நின்ற ஆடு

கோணக்கரைச் சடையாண்டி பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவன். அன்று பிள்ளையையும் தூக்கிக்கொண்டு களையெடுக்கப் போகும்போது நாச்சாரு சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் ஆட்டுக் கயித்தைக் கையை விட்டு விட்டுராதே. பிள்ளைக்குப் பாலு அது ஒண்ணுதான்."

அவன் விடவில்லை. மச்சான்மார் சங்கையாவும் மொக்கையனும் வந்து திருவிழாவுக்குக் கூப்பிட்டபோது, கயிறும் கையுமாக ஆட்டோடுதான் கிளம்பினான்.

அங்கே ஒருவர் துணி விரித்துக் கட்டை உருட்டிக்கொண்டிருந்தார். துணியில் ஆறு கட்டம்: மயில், மீன், யானை, தாமரை, சூரியன், கிரீடம். மரக்கட்டையின் ஆறு பக்கத்திலும் அதே படங்கள்.

"படத்து மேல வைங்க. அந்தப் படம் கட்டையில மேல வந்தா, வச்சதோட இன்னொண்ணு சேத்துத் தருவேன். வரலைன்னா வச்சது எனக்கு. இது நேத்து வந்த ஆட்டம் இல்லீங்க. அந்தக் காலத்து ராஜாக்களே நாட்டை வச்சு ஆடுனது!"

மூன்று பேரும் குனிந்து துணியைப் பார்த்தார்கள்.

"நாட்டை எப்படி மாப்ளே இதுக்குள்ள வச்சிருப்பான்?" என்றான் சங்கையா.

"துணி பெருசா இருந்திருக்கும் மச்சான்."

"மலையெல்லாம் இருக்குமே, உருண்டு பக்கத்துக் கட்டத்துக்குப் போயிராதா?"

"அதான் தோத்திருக்கான்," என்றான் மொக்கையன்.

காசு ஒருத்தரிடமும் இல்லை. ஆடு இருந்தது. ஜெயித்தால் இரண்டு ஆடு, பிள்ளைக்கு இரண்டு சொம்பு பால். சடையாண்டி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"கயித்தை விடணுமா?"

"ஆட்டைத்தானே வைக்கிறோம்? கயிறு உன் கையிலேயே இருக்கட்டும்," என்றான் சங்கையா.

எந்தப் படத்தில் வைப்பது? யானையில் வேண்டாமென்று முடிவாயிற்று. யானை கனம், கட்டையில் அடிக்குத்தான் போகும். மயில் இறகு லேசு, மேலே வந்துவிடும். ஆட்டை மயிலில் நிறுத்தினார்கள். முன்னங்கால் ஒன்றுதான் மயிலில் நின்றது. மற்றதெல்லாம் மீனிலும் யானையிலும் தாமரையிலும் போய் ஊன்றிக்கொண்டது.

"இதுவும் நல்லதுதான்," என்றான் மொக்கையன். "ஆறுல நாலு நம்மது. இனி தோக்கணும்னு நினைச்சாலும் முடியாது."

கட்டைக்காரர் கறிக்குழம்பை நினைத்துக்கொண்டே, "ஒவ்வொரு காலும் ஒரு பந்தயம், சரியா?" என்று உருட்டினார். மயில் மேலே வந்தது.

"லேசுன்னு சொன்னேன்ல!" என்று மூவரும் குதித்தார்கள்.

"மூணு காலு தோத்துருச்சு. ஆட்டைக் குடுங்க," என்றார் கட்டைக்காரர்.

"உன் மூணு காலை நீ எடுத்துக்கய்யா. ஜெயிச்ச காலு எங்களுது. அதுக்கு இன்னொரு காலும் நீ தரணும். எங்கே, எடு!" என்றான் மொக்கையன்.

அவர் என்ன செய்வார் பாவம். பையில் காலா இருக்கிறது? அவர் இழுக்க, இவர்கள் இழுக்க, கூட்டம் கூடிவிட்டது. பொழுது சாய்வதைப் பார்த்துச் சடையாண்டிக்கு அழுகையே வந்தது.

"பிள்ளை பசியில கத்தும்யா. எங்க காலை நாங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். உன் மூணு காலை இங்கேயே நிப்பாட்டி வச்சுக்க. அதுவும் கூடவே வந்தா, நாங்க பொறுப்பில்லை."

இதற்குள் ஆடு சூரியனைத் தின்று முடித்துக் கிரீடத்தில் வாயை வைத்திருந்தது. கட்டைக்காரர் மிச்சத் துணியைச் சுருட்டிக்கொண்டு, "ஓட்டிட்டுப் போங்கய்யா!" என்று கும்பிட்டார்.

வீட்டு வாசலில் நாச்சாரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். திட்டிக்கொண்டே சொம்பை எடுத்து ஆட்டின் மடியடியில் வைத்தாள். சடையாண்டி பாய்ந்து கையைப் பிடித்தான்.

"அடியே, தொடாதே! பின்னங்காலு ரெண்டும் தோத்தது. அதுக்கு நடுவுல இருக்கிற பாலு அந்த ஆளோடது. அடுத்தவன் பாலைப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

"அப்ப என் பிள்ளைக்கு?"

மூன்று பேரும் கலந்து பேசினார்கள். பிறகு மொக்கையன் ஜெயித்த முன்னங்காலைத் தூக்கிப் பிடித்தான், சங்கையா சொம்பை ஏந்தினான், சடையாண்டி குந்தி உட்கார்ந்து குளம்பைக் கறக்க ஆரம்பித்தான்.

"மெதுவாக் கற மாப்ளே," என்றான் சங்கையா. "கட்டையில வந்த காலு, இன்னும் பழகலை."